ஏழு நானோ செகண்ட்

குளியலறைக் குழாயை வெடுக்கென்று மூடினேன். மேலே, மாடிச் சுவரில் குழாய் வளைகிற இடத்தில், ‘டொக்’ என்று ஒரு சத்தம். திறந்து, இந்த முறை மெதுவாகத் திருகி மூடினேன். ஒன்றுமில்லை. மறுபடி வெடுக்கென்று. டொக்.

ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அந்த அதிர்ச்சி குழாய்க்குள்ளேயே ஓடிப்போய் எங்கேயோ முட்டித் திரும்பி வருகிறது. மெதுவாக மறித்தால் முட்டியதே தெரியாமல் கரைந்துவிடுகிறது. இதையே கல்லூரியில் மின்சாரத்தை வைத்துப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். புரிந்தது என்னவோ தலையில் ஷாம்பு நுரையோடு நின்ற அன்றைக்குத்தான். பதினைந்து தடவையாவது திறந்து மூடியிருப்பேன். கதவு தடதடத்தது.

“இன்னாடி பண்ற உள்ள? கொழாயோட சண்ட போட்டுக்கினு கீறியா? எனக்கு ஷிப்ட் பஸ்ஸு வந்துடும்டி!”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

“நீ ரெண்டு நிமிஷம்னு சொல்லி அர மணி நேரம் ஆவுது. வெளிய வா, உன் பாட்டுக்குத் தண்ணியோட பேசிக்கினு!”

கும்மிடிப்பூண்டியில் பெண்கள் விடுதியில் ஆறு கட்டில் போட்ட அறை எங்களுடையது. கத்தியவள் என் பக்கத்துக் கட்டில்காரி. அவளையும் சேர்த்து மற்ற ஐந்து பேருமே மூன்று ஷிப்ட்டில் மாறி மாறிப் போகிறவர்கள். நான் ஒருத்திதான் தினமும் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஜெனரல் ஷிப்ட். அதனால் நான் அறைக்கு வரும்போது ஒன்று எல்லோரும் போயிருப்பார்கள், அல்லது போர்வைக்குள் இருப்பார்கள். குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று போட்டுக்கொள்ளும் சண்டைதான் எங்களுக்குள் நடக்கும் நீளமான பேச்சு.

அன்று ஈரத் தலையோடு வேலைக்கு ஓடினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலை அது. நான் ஒப்பந்தப் பயிற்சியாளர். பட்டம் எலெக்ட்ரானிக்ஸ், வேலை மீட்டர் பார்ப்பது. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஏசி அறையில் தனியாக உட்கார்ந்து, உலைகளின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் காட்டும் மீட்டர்களை மணிக்கொரு தடவை குறிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே கூலிங் டவர். அதன் நிழலில் மதியம் மெயின்டனன்ஸ் ஆட்கள் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை போடுவார். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் தொடையில் அடித்துச் சிரிப்பார்கள். எனக்குச் சத்தம் வராது, வாய் அசைவது மட்டும் தெரியும். ஆறு மாதமாக ஒலியில்லாத அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் மெயின்டனன்ஸுக்கு மாற ஆசைப்பட்டதற்கு வேலை கற்றுக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். அந்த வட்டம்தான் பெரிய காரணம்.

அந்தச் சமயம் எடைமேடையில் ஒரு தொல்லை ஓடிக்கொண்டிருந்தது. லாரி ஏறி நிற்கிற மேடையிலிருந்து எடை காட்டும் கேபினுக்கு வரும் கேபிள், இருபத்திரண்டு மீட்டர், கான்கிரீட்டுக்கு அடியில் இரும்புக் குழாய்க்குள் வருகிறது. அது செத்துவிட்டது. புதுக் கேபிள் இழுக்கலாம் என்றால் பழையது அசையவில்லை. குழாய் எங்கேயோ நசுங்கியிருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தற்காலிகமாகக் கம்பத்தில் கட்டி மேலே ஒரு கேபிள் இழுத்திருந்தார்கள். அதையும் லாரியின் தார்ப்பாய் இரண்டு முறை பிய்த்துக்கொண்டு போயிற்று. மொத்தப் பாதையையும் உடைத்தால் பல நாள் லாரி உள்ளே வர முடியாது.

ஈரத் தலையோடு மெயின்டனன்ஸ் மேனேஜர் முன்னால் நின்று என் யோசனையைச் சொன்னேன். அந்த ஐந்து பேரில் மூத்தவரான எலெக்ட்ரீஷியன் அண்ணனும் அங்கே இருந்தார்.

“ஏம்மா, கேபிளுக்குள்ள கல்லு எறிஞ்சு பாக்கப் போறியா?” என்றார் மேனேஜர்.

“கல்லு இல்ல சார், பல்ஸ். ஒரு சின்ன மின்சாரத் துடிப்ப அனுப்பினா, நசுங்கின எடத்துல முட்டித் திரும்பி வரும். எவ்ளோ நேரத்துல வருதுன்னு பாத்தா தூரம் தெரிஞ்சிடும்.”

“தூரத்த கெபாசிட்டன்ஸ் மீட்டர் வெச்சுப் பாத்தாச்சு, தெரியுமில்ல?”

“பாத்தேன் சார். கேபிளுக்குள்ள சேத்துத் தண்ணி எறங்கியிருக்கு. நம்பர் ஒரு எடத்துல நிக்கல.”

எலெக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்தார். “உடுங்க சார், பாப்பா ஆசப்படுது. நாம கம்பிய உட்டுப் பாத்தோம், பழைய கேபிளு வழி உடல, அது கரண்ட்ட உட்டுப் பாக்கட்டும். இன்னா நஷ்டம்?”

மேனேஜர் பேனாவை மூடினார். “ஆயுத பூசைக்கு முன்னாடி ஷட்டவுன் வருது. அன்னிக்கு ஒரே ஒரு ஸ்லாப் ஒடைப்பேன், நீ காட்டற ஸ்லாப். அதுல கெடச்சா உன்ன மெயின்டனன்ஸ்ல போட லெட்டர் எழுதறேன். கெடைக்கலன்னா, வாய மூடிக்கினு மீட்டர் பாக்கணும். சரியா?”

சரி என்றேன். ஸ்லாப் என்பது பாதையில் வரிசையாக வார்த்திருக்கும் மூன்றடிக் கான்கிரீட் கட்டம். மொத்தம் இருபத்து நான்கு. அதில் ஒன்றைக் காட்ட வேண்டும். எனக்கு ஆறு வாரம் இருந்தது.

அந்தக் கேபிளில் துடிப்பு ஒரு நானோ செகண்டில், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏறக்குறைய பதினெட்டு சென்டிமீட்டர் ஓடும். போய்த் திரும்பி வருவதால் நமக்குக் கிடைப்பது அதில் பாதி, ஒன்பது. என் துடிப்பு எழுந்து நிற்கவே நூறு நானோ செகண்ட் எடுத்துக்கொண்டால் ஒன்பது மீட்டர் தூரத்துக்கு எல்லாம் கலங்கலாகத் தெரியும். குழாயை மெதுவாக மூடிய கதைதான். வெடுக்கென்று மூடுகிற ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

விடுதிக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். இலவசமாகக் கிடைக்கிற சிமுலேஷன் மென்பொருள் ஒன்று இருக்கிறது. திரையில் சர்க்யூட்டை வரைந்து, டிரான்சிஸ்டரை வைத்து, ஓடு என்றால் ஓடிக் காட்டும். முதலில் கல்லூரி லேபில் எல்லோரும் பொசுக்குகிற 547 என்கிற டிரான்சிஸ்டர். பாவம், நல்லவன்தான், ஆனால் ஒரு வேலையைச் செய்துவிட்டு எழுந்திருக்க மனசே வராது. நாற்பது நானோ செகண்ட் எடுத்தான். பிறகு சுவிட்சிங்குக்கென்றே செய்த 2369. உள்ளே தேங்குகிற மின்னூட்டம் சீக்கிரம் வடிவதற்காக அதன் சிலிக்கானில் துளித் தங்கம் கலந்திருப்பார்கள். திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. இரண்டு நானோ செகண்ட். கட்டிலில் எழுந்து நின்றுவிட்டேன், மேலே மின்விசிறி இருப்பதை மறந்து. சுற்றிலும் மூன்று போர்வைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

வராந்தாவுக்குப் போய் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா திருவள்ளூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள்.

“அம்மா, ஒரு டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்சிட்டேன்மா. உள்ள தங்கம் போட்டது.”

“தங்கமா? எத்தினி கிராமு?”

“கிராமெல்லாம் இல்லம்மா, கண்ணுக்கே தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாத தங்கத்த வெச்சிக்கினு இன்னாடி பண்றது? சனிக்கெழம ஊட்டுக்கு வர்றியா இல்லியா, அத்த சொல்லு. மீன் வாங்கணும்.”

சனிக்கிழமைதான் எனக்கு வார விடுமுறை. வழக்கமாக மின்சார ரயிலில் மீஞ்சூர் வழியாக சென்ட்ரல் போய், அங்கே மாறி திருவள்ளூர் ரயில் பிடிப்பேன். அந்தச் சனிக்கிழமை சென்ட்ரலில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு நடந்து, டிரான்சிஸ்டரும் நல்ல கெபாசிட்டர்களும் வாங்கினேன். திரும்பி வந்தபோது பக்கத்து பிளாட்பாரத்தில் திருவள்ளூர் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறியிருக்கலாம். கையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பை என்னை கும்மிடிப்பூண்டிக்கே இழுத்தது. திருவள்ளூர் ரயில் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தடுத்து நான்கு சனிக்கிழமை அப்படித்தான் நடந்தது. நான்காவது வாரம் அம்மா மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏன் நான்கு வாரம் என்று சொல்கிறேன்.

கண்ணாடி அறையில் ஒரு பழைய ஸ்கோப் உண்டு, மின்சார அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. மதிய இடைவேளையில் சாப்பாட்டை நான்கு வாயில் முடித்துவிட்டு அதன் முன்னால் உட்காருவேன். முதலில் 547-ஐப் போட்டேன். நாற்பது. சிமுலேஷன் சொன்னதேதான். ஸ்கோப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து 2369. இரண்டு வர வேண்டும். ஏழு வந்தது.

சரி, கால்கள் நீளம், வயர் நீளம் என்று நினைத்தேன். துளைகளில் வயரைச் செருகுகிற பிரெட்போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, செம்புத் தகட்டின் மேலேயே டிரான்சிஸ்டரைக் குட்டைக் காலோடு பற்றவைத்தேன். ஏழு. அதைவிட வேகமான இன்னொன்று வாங்கி வந்தேன். ஏழு. ரேடியோ சர்க்யூட்டில் போடுகிற இன்னொன்று. ஏழு. கடைசியில் கொஞ்சம் முரட்டு வழி ஒன்றைப் படித்தேன். டிரான்சிஸ்டருக்கு அது தாங்குகிற அளவுக்கு மேல் வோல்டேஜ் கொடுத்து, உடைகிற விளிம்பில் நிறுத்தி, லேசாக ஒரு தட்டு தட்டினால் மின்னல் மாதிரி சரிந்து விழுமாம். ஒரு நானோ செகண்டுக்கும் குறைவு. சிமுலேஷனில் தொண்ணூறு வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. இருநூறு கொடுத்தேன், அப்போதும் கூசாமல் இருந்தது. என்னிடம் இருந்த மாடலுக்கு உடைவது என்றால் என்னவென்றே தெரியாது, யாரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை. திரைக்குள் டிரான்சிஸ்டர்களுக்குச் சாவே கிடையாது. நிஜத்தில் செய்து பார்த்தேன். இரண்டு செத்தன. மூன்றாவது அழகாகச் சரிந்து சரிந்து எழுந்தது.

ஸ்கோப்பில் பார்த்தேன். ஏழு.

அன்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒருவேளை எனக்கு இதெல்லாம் வராதோ என்ற நினைப்பு வந்து, போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் துப்பட்டா முனையால் ஸ்கோப்பின் தூசியைத் துடைத்தேன். மூலையில் சின்ன எழுத்தில் 50 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. ஏழு மாதமாக அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் எவ்வளவு வேகமான துடிப்பு வந்தாலும் அதை எவ்வளவு வேகத்தில்தான் காட்ட முடியும்? முதலாண்டுப் பாடத்துக் கணக்கு. விரல்விட்டுப் போட்டேன். ஏழு நானோ செகண்ட்.

நான்கு வாரமாக நான் அளந்துகொண்டிருந்தது ஸ்கோப்பை! டிரான்சிஸ்டர்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கின்றன.

வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினேன், யாரிடமாவது சொல்ல. அறையில் யார் இருக்கிறார்கள்? கண்ணாடிக்கு வெளியே ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை அறியாமல் கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் எச்சில் கையோடு எழுந்து வந்து கதவை முழங்கையால் தள்ளினார்.

“இன்னாமா, ஏசி ஓடலியா?”

“ஓடுதுண்ணா.”

“பின்ன இன்னாத்துக்குக் கூப்ட?”

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஸ்கோப்பு, ஏழு, ஐம்பது, நான்கு சனிக்கிழமை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் விரலில் சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லண்ணா. சும்மா.”

“சும்மாவா? பேஜாருமா உன்னோட,” என்று சிரித்துவிட்டுப் போனார். அங்கே போய் என்ன சொன்னாரோ, எல்லோரும் ஒருமுறை கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷட்டவுனுக்கு ஒரு வாரம் இருந்தது. வேறு ஸ்கோப்புக்கு எங்கே போவது? இருப்பதை வைத்து அளந்தேன். ஸ்டோரில் அதே கேபிள் பத்து மீட்டர் மிச்சம் இருந்தது. அதில் துடிப்பை விட்டு வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு எடைமேடைக் கேபினிலிருந்து ஒரு முறை, மேடைப் பக்கத்திலிருந்து ஒரு முறை. துடிப்பு போய், முட்டி, திரும்பி வந்தது. உண்மையிலேயே வந்தது! திரையில் முதல் மேடு, கொஞ்ச தூரம் சமவெளி, அப்புறம் இரண்டாவதாக ஒரு சின்ன மேடு. கான்கிரீட்டுக்கு அடியில், யார் கண்ணும் படாத இடத்தில் இருக்கிற ஒரு காயம் எனக்குப் பதில் சொல்கிறது. லாரி டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஏழு நானோ செகண்ட் கலங்கல் என்பது தரையில் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். கேபினிலிருந்து பதினொன்றரை மீட்டருக்கும் பன்னிரண்டே கால் மீட்டருக்கும் நடுவில் எங்கேயோ. டேப் பிடித்து நடந்தேன். பதின்மூன்றாவது ஸ்லாப்பும் பதினான்காவது ஸ்லாப்பும் சேர்கிற கோடு சரியாக அதற்கு நடுவில் ஓடியது.

ஒரே ஒரு ஸ்லாப் என்றுதானே பேச்சு. இரண்டில் ஒன்று என்று போய்ச் சொன்னால் பேரம் முறிந்துவிடும், தெரியாமல் உளறுகிறாள் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். ஒரு முழு மாலை எதிரொலியை சிமுலேஷனில் வரைந்து, நிஜத்தில் வந்த கோட்டோடு வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. சாய்ந்தது கோடா, என் ஆசையா என்று இப்போது சொல்ல முடியாது. மறுநாள் காலை பதின்மூன்றின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன்.

ஷட்டவுன் அன்று உலைகள் அணைந்திருந்தன. அந்த ஆலையில் பறவைச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். வாடகைக்கு வந்த பிரேக்கர் மிஷின் பதின்மூன்றைப் பிளந்தது. மண்ணை அள்ளினார்கள். குழாய் தெரிந்தது. உருண்டையாக, நேராக, துரு மட்டும் பிடித்து, ஒரு நசுங்கலும் இல்லாமல்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் குழிக்குள் இறங்கி, பதினான்கின் பக்கமாகக் கம்பியால் குழாயைத் தட்டினார். “சார், மிஷினு தான் நிக்குதே. பக்கத்துலயும் ஒரு போடு போட்டுப் பாத்துரலாமா?”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “போடு.”

பதினான்கு உடைந்தது. சேர்கிற கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாறு பிழிகிற மிஷினில் நுழைந்து வெளியே வந்த கரும்பு மாதிரி தட்டையாகக் கிடந்தது குழாய். பிளவில் சேறு.

“அட, ரெண்டு ஸ்லாபுல முடிஞ்சிருச்சுபா!” என்று யாரோ கூவினார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். மேனேஜரும்தான். போகும்போது என்னிடம் நின்று, “நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா ஒண்ணுன்னுதானம்மா பேச்சு,” என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போய் லெட்டரைப் பற்றிக் கேட்டபோது, “அடுத்த வருஷம் ஆள் எடுக்கறப்ப பாக்கலாம்,” என்றார்.

குழி மூடுகிற அன்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டார். “ஏம்மா, பக்கத்து ஸ்லாபு மேல உனக்குச் சந்தேகமே வரலியா?”

“வந்துதுண்ணா. ரெண்டுல ஒண்ணுன்னு தெரியும்.”

“தெரியுமா?” கரணையைக் கீழே வைத்தார். “அத்த சொல்லக்கூடாதா? நாங்க எந்தக் கேபிளுக்குத் தோண்டினாலும் இந்தப் பக்கம் ரெண்டடி அந்தப் பக்கம் ரெண்டடி சேத்துத்தான் சுண்ணாம்புக் கோடு போடுவோம். ஊசி மொனையில எவன் காட்டுவான்? சாரே அப்டித்தான் போடச் சொல்லுவாரு. ரெண்டுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே உன் லெட்டருல கையெழுத்துப் போட்டிருப்பாரு. வந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?”

“நீங்க சாப்டுக்கினு இருந்தீங்க.”

“ஏழு மாசமாவா?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கரணையை எடுத்து சிமென்ட்டைத் தடவ ஆரம்பித்தார். அந்த ஐந்து பேருக்கும் தெரிந்த, யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் அது. எந்த டேட்டா ஷீட்டிலும் இல்லை. கண்ணாடி வழியாக உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது எப்படி வந்து சேரும்?

போன சனிக்கிழமை திருவள்ளூர் போனேன். அம்மா மீன் வாங்கியிருந்தாள், முள்ளை எடுத்துவிட்டு என் தட்டில் போட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் நோட்டைத் திறந்து அடுத்ததை எழுத ஆரம்பித்தேன்.

உலைக் கூடத்து கிரேனிலும் ஒரு கேபிளில் அவ்வப்போது தொடர்பு அறுந்து வருகிறதாம். அதன் மொத்த நீளமே ஆறு மீட்டர். இரண்டடிக் கலங்கல் அங்கே ஆகாது. நல்ல ஸ்கோப் வாங்க என் வருஷச் சம்பளம் போதாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. சரிந்து விழுகிற டிரான்சிஸ்டர் ஒன்று துடிப்பை அனுப்பட்டும். அதே மாதிரி இன்னொன்று, ஸ்கோப்புக்குப் போகிற வழியில் ஒரு கதவை, ஒரு நானோ செகண்டுக்கும் குறைவாகத் திறந்து மூடட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு புள்ளியை எடுத்து, கதவு திறக்கும் நேரத்தைத் துளித் துளியாகத் தள்ளிக்கொண்டே போனால், ஆயிரம் துடிப்பில் முழு அலையும் மெதுவாக, என் பழைய ஸ்கோப்புக்கும் புரிகிற வேகத்தில் வந்துவிடும். சிமுலேஷனில் இந்த முறை துடிப்பைத் தாமதப்படுத்துகிற வயர்களின் இண்டக்டன்ஸையும் சேர்க்கிறேன். டிரான்சிஸ்டர் எந்த வோல்டேஜில் உடையும் என்பதையும் நானே மாடலில் எழுதிச் சேர்க்கிறேன். அனுப்பும் டிரான்சிஸ்டரைத் தேர்ந்துவிட்டேன். கதவுக்கு மூன்று பெயர் பட்டியலில் இருக்கிறது. இரண்டு தேறாது என்று இப்போதே தோன்றுகிறது.

கிரேன் கேபிள் எந்தெந்த இடத்தில் மடங்குகிறது, எங்கே கிளிப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வரைபடத்திலும் இல்லை. திங்கட்கிழமை மதியம், அவர்கள் டப்பாவைத் திறக்கிற நேரத்தில், நோட்டை எடுத்துக்கொண்டு கூலிங் டவர் வரை நடந்து போய் முதலில் அதைக் கேட்க வேண்டும்.